ரெண்டு ரிஜிஸ்தர், ஒரே பீரோ

எங்க ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல இருக்கு. பேரு வேண்டாம். பேரைச் சொன்னா, அந்த ஒரு ஊரு, அந்த ஒரு சிஸ்டர், அந்த ஒரு சாமியார் என்று பேச்சு அங்கேயே முடிஞ்சு போகும். இந்தக் கரிசக்காட்டில் சேரிக்குப் பக்கத்தில் ஆர்.சி. பள்ளிக்கூடம் இருக்கிற எந்த ஊர்க்காரரும் படிச்சிட்டு 'இது எங்க ஊரு' என்று சொல்லுவார். அதனால் பேரு வேண்டாம்.

எங்க பள்ளிக்கூடத்தில் ஒரு பச்சை பீரோ உண்டு. மூணாம் வகுப்பையும் நாலாம் வகுப்பையும் பிரிக்கிற சுவரே அந்தப் பீரோதான். அதுக்குள்ள ரெண்டு ரிஜிஸ்தர் இருந்துச்சு. ஒண்ணு பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. இன்னொண்ணு கோயில் ஞானஸ்நானப் பதிவேடு. சாமியார் பங்களாவில் கரையான் ஏறுதுன்னு அதையும் இங்கே கொண்டாந்து பூட்டி வச்சிருந்தாங்க.

1994 ஜூன் மாசம் எங்கம்மா என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் அந்தப் பீரோ முன்னாடி நிறுத்தினாள். எனக்கு அஞ்சு வயசு. தலைமையாசிரியை சிஸ்டர் கேட்டாங்க:

"ஏம்மா, மதம், சாதி என்ன எழுத?"

"எனக்கென்ன தெரியும் சிஸ்டர். வழக்கமா எழுதுறத எழுதுங்க."

"ஞானஸ்நானம் குடுத்த பிள்ளைதானே? பொய் எழுதுனா பாவம்மா."

"பொய் எதுக்கு சிஸ்டர், உள்ளத எழுதுங்க."

எழுதினாங்க. மதம்: கிறித்தவம். சாதி: பறையர். வகுப்பு: பி.வ. அந்தக் கடைசி ரெண்டு எழுத்து என்னான்னு எங்கம்மாவுக்குத் தெரியாது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று யாரோ சொன்னப்ப, 'பறையன் பள்ளன்னு சொல்றத விட அது ஒசத்தி போலிருக்கு' என்றுதான் நினைச்சாளாம்.

அதே மாசம் எங்க பெரியப்பா தன் மகனைக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். கோயிலில் வச்ச பேரு வேற, அங்கே கொடுத்த பேரு வேற. மதம்: இந்து. வகுப்பு: எஸ்.சி. ஒரே தாத்தாவின் ரெண்டு பேரப் பிள்ளைகள். ஒரே தெரு, ஒரே டீக்கடை, டீக்கடையில் ஒரே தனிக் கிளாஸ். சர்க்கார் காகிதத்தில் மட்டும் ரெண்டு சாதி.

இன்றைக்கு அந்த அண்ணன் அரசாங்க வாத்தியார். நான் எம்.ஏ. தமிழ், பி.எட். அரசாங்க ஆசிரியர் தேர்வில் அண்ணனை விட அதிக மார்க் வாங்கினவள். நிலம் வச்சிருக்கிறவன், மில்லு வச்சிருக்கிறவன், வட்டிக் கடை வச்சிருக்கிறவன் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று போட்டி போட்டேன். வரிசை எனக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு.

அண்ணன் ஜெயிச்சுட்டாருன்னு நினைச்சிடாதீங்க. அவருக்குக் கல்யாணம் விடிகாலை பூசையில் நடந்துச்சு. போட்டோ எடுக்கல. பத்திரிகை அடிக்கல. கூட வேலை பாக்கிறவங்க ஒருத்தருக்கும் சொல்லல. தாலி கட்டின கையோட மாலையைக் கழட்டி மஞ்சப் பைக்குள்ள வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பின்வாசல் வழியா வீட்டுக்கு வந்தாங்க. கள்ளச்சாராயம் காய்ச்சுறவன் கூட இவ்வளவு பயந்து பயந்து காய்ச்ச மாட்டான்.

அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. 2024 நவம்பர் 26, அரசியல் சட்டத்தின் எழுபத்தஞ்சாவது ஆண்டு நாள். அன்றைக்குத்தான் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருத்தருடைய வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஞானஸ்நானம் பெற்று, கோயிலுக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக இந்து என்று சொல்லி எஸ்.சி. சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்துக்கே செய்யும் மோசடி என்றது. அந்த வழக்கில் ஞானஸ்நானப் பதிவும் சாட்சிக் கூண்டில் ஏறியது. ஆத்மாவை மீட்கிறதுக்கு என்று எழுதின ரிஜிஸ்தர் போலீஸ் ஸ்டேஷன் ரிக்கார்டு மாதிரி ஆகிப்போச்சு.

*

அந்தப் பள்ளிக்கூடத்தைத் திட்டுறதுக்காக மட்டும் நான் எழுத வரல. எங்க தெருவுக்கு எழுத்து வந்த வழி அதுதான். எங்கம்மா நாலாவது வரைக்கும் அங்கேதான் படிச்சாள். அவள் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கோதுமை ரவையும் பால் பவுடரும் மூட்டை மூட்டையாக வரும். ஊர்த்தெருக்காரன் எங்களை 'கோதுமை வேதக்காரன்' என்பான். வேதத்தைக் கேட்டுக்கிட்டே கோதுமையைச் சாப்பிட்டோம்தான், யாரு இல்லைன்னா? மழை பொய்ச்சுக் குதிரைவாலியும் வராத வருசத்தில் வேற எதைச் சாப்பிடறது? 1876ல் தொடங்கின தாது வருசப் பஞ்சத்தில் வேதத்தில் சேர்ந்தவங்களையும் இப்படித்தான் கஞ்சிக்கு வந்தவன் என்றார்கள். பசிச்சவன் கஞ்சி ஊத்துற இடத்துக்குப் போனது தப்பு. கஞ்சி ஊத்தாம கதவைச் சாத்தினவன் யோக்கியன்!

நாலாவதோடு எங்கம்மா ஏன் நின்றாள்? தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. விடியக் கருக்கல்ல சாத்தூர் பக்கமிருந்து வந்து நிற்கும். தூங்குற பிள்ளையைத் தூக்கி வண்டிக்குள்ள போடுவாங்க. பள்ளிக்கூட மணி அடிக்கிறப்ப அவள் கட்டை அடுக்கிக்கிட்டு இருப்பாள். அந்த வண்டியைப் பள்ளிக்கூடம் நிறுத்தல. ஆனா எனக்கு அந்த வண்டி வரக்கூடாதுன்னு எங்கம்மா மல்லுக்கட்டினதுக்கு அவள் படிச்ச அந்த நாலு வருசம்தான் காரணம். அதை மறக்க மாட்டேன்.

ஆனா அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டினது யாருன்னும் மறக்க மாட்டேன். கரிசல் மண்ணில் கட்டடம் கட்டுறது லேசுப்பட்ட காரியமில்லை. வெயிலுக்கு மண்ணு பாளம் பாளமா வெடிக்கும், மழைக்கு உப்பும். அஸ்திவாரம் ஆள் மட்டத்துக்கும் கீழே போகணும். எங்க தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மம்பட்டி எடுத்தாங்க. பொம்பளைக மண்ணுச் சுமந்தாங்க. கூலி கிடையாது, அது 'கோயில் வேலை'. கட்டி முடிச்சு வாசலில் பதிச்ச கல்லில் காசு கொடுத்த வெளிநாட்டுக்காரர் பேரு இருக்கு, பிஷப் பேரு இருக்கு, சாமியார் பேரு இருக்கு. மம்பட்டி பிடிச்ச ஒருத்தன் பேரும் இல்லை.

உள்ளே எப்படி இருந்தது? மறைக்கல்வி வகுப்பில், கடவுள் எல்லாரையும் தன் சாயலாகப் படைத்தார் என்று மனப்பாடம் பண்ணுவோம். ஒப்பிச்சு முடிச்சதும் சிஸ்டர்மார் மடத்துக்குத் தண்ணி எடுக்கப் போவோம். 'நம்ம தெரு' பிள்ளைக மட்டும். உடையார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நாடார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பூப்பறிக்கிற வேலை, பீடத்துக்குத் துணி மடிக்கிற வேலை. எங்களுக்குக் கொடமும் விளக்குமாறும். அடிச்சு வேலை வாங்கல. 'நீங்கதான் நல்லாச் செய்வீங்க'ன்னு சிரிச்ச முகமாச் சொல்லித்தான் வாங்கினாங்க. கடவுள் சாயலில் ரெண்டு தினுசு இருக்கும் போலன்னு நாங்களும் நம்பிட்டோம். திருவிழாவில் சப்பரம் ஊர்த்தெரு முக்கு வரைக்கும் வந்து திரும்பிடும். எங்க தெருவில் பாதை குறுகலாம்! ஓட்டு வண்டி வரும், ஜப்தி வண்டி வரும், மாதா வர மாட்டாள்.

இதே விருதுநகர் மாவட்டத்துப் பாமா, மடத்தை விட்டு வெளியே வந்து 1992ல் 'கருக்கு' எழுதினபோது, வீட்டுச் சங்கதியைத் தெருவில் போட்டுட்டாள் என்று சொன்னவர்கள் உண்டு. தெருவில் கிடந்த சங்கதியைத்தான் அவர் புத்தகத்தில் எடுத்து வைத்தார்.

*

இப்போ அந்தப் 'பி.வ.' என்ற ரெண்டு எழுத்துக்கு வருவோம்.

1950 ஆகஸ்ட் 10ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதில் மூணாவது பத்தி: இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990ல் பவுத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியேதான். மதம் மாறினால் தீண்டாமை போய்விடுமாம். எங்க ஊர் டீக்கடைக்காரர் அந்த ஆணையைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தொழிலாளிகளுக்கு அரசாங்கம் இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறித்தவர் என்பதால் அவருக்கு இல்லை. மதம் மாறின பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று போதுமான ஆதாரத்தோடு நிரூபிக்கவில்லை என்று 1985ல் மனுவைத் தள்ளினார்கள். செருப்புத் தைக்கிறவன் தன் இழிவுக்கு ஆதாரம் திரட்டணும்! கையில் இருந்த ஊசியும் வாரும் ஆதாரமாகப் படவில்லை.

பிறகு கமிஷன் மேல் கமிஷன். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007ல் மூணாவது பத்தியையே எடுத்துவிடச் சொன்னது, அறிக்கை கிடப்பில். 2022ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம்; ரெண்டு வருசக் கெடு, பிறகு கெடு நீட்டிப்பு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. கல்வி உதவித்தொகை மாதிரிச் சில சலுகைகளை மாநிலம் தருகிறது. ஆனால் வேலையில் எஸ்.சி. ஒதுக்கீடு இல்லை. தனித் தொகுதியில், தனிப் பஞ்சாயத்தில் நிற்க முடியாது. 1989 வன்கொடுமைச் சட்டம் கைகொடுக்காது. அடிக்கிறவன் பறையன் என்று சொல்லித்தான் அடிக்கிறான். புகார் எழுதப் போனால்தான் நாம கிறித்தவர் ஆகிறோம்.

இந்த அநியாயத்தை எதிர்த்துத் திருச்சபை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. கோயிலில் கறுப்புக் கொடி. எனக்கும் சம்மதம். நானும் போய் நிற்கிறேன். நின்றுகொண்டே ஒரு கேள்வி கேட்கிறேன்: டெல்லிக்காரன் தர மாட்டேன் என்பதைக் கேட்கிறீர்களே, நீங்கள் தர வேண்டியது எங்கே?

*

கணக்கைப் பாருங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளியில் வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. வேலைக்கு ஆள் எடுப்பது தாளாளர். எத்தனை வாத்தியார் என்பது சேர்க்கைப் பதிவேட்டில் எத்தனை பிள்ளை என்பதைப் பொறுத்தது. சேரிப் பக்கத்துப் பள்ளியில் அந்தப் பதிவேடு முழுக்க யாருடைய பேர்? எங்க பிள்ளைகள் தலையை எண்ணித்தான் அங்கே பணியிடம் வருகிறது.

இதே அருப்புக்கோட்டை, விருதுநகர் சீமையில் நாடார்கள் என்ன செய்தார்கள்? 1897ல் கமுதிக் கோயிலுக்குள் போனதுக்காக லண்டன் வரைக்கும் வழக்கு நடத்தி 1908ல் தோற்ற சனம் அது. கடைக்குக் கடை மகமை போட்டு உறவின்முறைப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். பள்ளிக்கூடமும் அவர்களுடையது, வேலையும் அவர்களுடையது. நமக்கு மகமை போடக் கடை ஏது? பேட்டை ஏது? நாம போட்டது மம்பட்டியும் பிள்ளைகளின் தலையும். அந்த முதலுக்கு வட்டி யார் வீட்டுக்குப் போகிறது?

சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தாங்களே நடத்தலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு. நல்ல பிரிவு. பெரும்பான்மை மதவெறி கொடி கட்டிப் பறக்கிற இந்தக் காலத்தில் அது இன்னும் அவசியம். ஆனால் அந்தக் கவசத்துக்குள்ளே நடப்பது என்ன? கேரளத்தில் 1957ல் கம்யூனிஸ்ட் அரசாங்கம் கொண்டுவந்த கல்வி மசோதாவில், உதவி பெறும் பள்ளி வாத்தியார்களைத் தேர்வாணையப் பட்டியலிலிருந்து, இட ஒதுக்கீட்டோடு எடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. அந்த மசோதாவை எதிர்த்துத் திருச்சபையும் நாயர் சங்கமும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். 1959 ஜூலை 31ல் அரசாங்கமே கலைந்தது. அந்தப் 'விமோசன' சமரத்தில் விமோசனம் அடைந்தது யார், புலையனா? அதற்குப் பிறகு, உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளி மேல் எஸ்.சி. ஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்று டெல்லிப் பள்ளி ஒன்றின் வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆக, வெளியே நான் கிறித்தவள் என்பதால் எஸ்.சி. இல்லை. உள்ளே அது கிறித்தவப் பள்ளி என்பதால் எஸ்.சி. ஒதுக்கீடே இல்லை. ரெண்டு கதவையும் சாத்திவிட்டு நடுத்தாழ்வாரத்தில் நிறுத்தி, 'செபம் பண்ணு மகளே' என்கிறார்கள்.

நானும் ஒரு உதவி பெறும் பள்ளியில் வேலை கேட்டுப் போனேன். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. சான்றிதழைப் பார்த்தார்கள், மார்க்கைப் பார்த்தார்கள், பங்கு எது என்று கேட்டார்கள். பங்கைச் சொன்னதும் தெருவைக் கேட்டார்கள். தெருவைச் சொன்னதும் 'எழுதிப் போடுறோம்' என்றார்கள். கடிதாசி இன்னும் வரவில்லை. சாதிச் சான்றிதழில் நான் பி.வ. தான். தெருவைக் கேட்டால் மட்டும் எஸ்.சி. ஆகிவிடுகிறேன்.

'சாதி வெளியே இருந்து வந்த நோய், திருச்சபைக்குள் இல்லை' என்று இனி யாரும் சொல்ல முடியாது. அவர்களே ஒத்துக்கொண்டாயிற்று. 1990ல் தமிழக ஆயர்கள் தலித் கிறித்தவருக்காகப் பத்து அம்சத் திட்டம் போட்டார்கள். 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால், தன்னைப் பார்க்க வந்த தமிழக ஆயர்களிடமே சாதி பார்ப்பதைக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. கத்தோலிக்கர் ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் பேரில் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் தலித்துகள் என்ற கணக்கும் அப்போது அவர்கள் தரப்பிலிருந்தே வந்ததுதான். பாவசங்கீர்த்தனம் நடந்துவிட்டது. கத்தோலிக்கப் பாடத்தின்படி பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, பரிகாரம் செய்யணும். திருடினவன் திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்கணும். இதை எனக்கு மறைக்கல்வியில் சொல்லிக் கொடுத்ததே அந்தச் சிஸ்டர்தான்.

*

சரி, என்னதான் கேட்கிறாய் என்பீர்கள். மூணு கேட்கிறேன்.

ஒண்ணு: ஒவ்வொரு மறைமாவட்டமும், ஒவ்வொரு சபையும், தன் கையில் இருக்கிற உதவி பெறும் பள்ளிகளில் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற வாத்தியார் எத்தனை பேர், அதில் தலித் எத்தனை பேர் என்று பட்டியல் போட்டுக் கோயில் வாசலில் ஒட்டணும். திருவிழா வரவு செலவை ஒட்டுகிற அதே பலகை போதும்.

ரெண்டு: இனி காலியாகிற இடங்களில், கத்தோலிக்கரில் நாம் எத்தனை பங்கோ அத்தனை பங்கு நமக்கு வரணும். இதற்குப் பாராளுமன்றம் வேண்டாம். ஆணையம் வேண்டாம். மூணாவது பத்தி குறுக்கே நிற்கவில்லை. எந்த நீதிமன்றமும் 'கொடுக்காதே' என்று சொல்லவில்லை. நியமன உரிமை உங்களுடையது என்றுதான் சொல்லியிருக்கிறது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு ஒரு தாளாளர் நாளைக் காலையில் கையெழுத்துப் போடலாம்.

மூணு: பதிவேட்டில் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு முன்னால் தாயையும் தகப்பனையும் உட்காரவைத்து, இதை எழுதினால் சட்டத்தில் இதெல்லாம் போகும் என்று சொல்லிவிட்டு எழுதணும். எங்கம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. பொய் எழுதினால் பாவம் என்று சொன்னவர்கள், உண்மை எழுதினால் என்ன விலை என்பதையும் சொல்லியிருக்கணும். அந்த விலையைத் தாங்குகிறவளுக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யும் என்பதையும் சேர்த்து.

'சமயம் பார்த்துக் காலை வாருகிறாயே, மதவெறிக்காரன் கைக்கு ஆயுதம் கொடுக்கிறாயே' என்று நல்லவர்கள் சிலர் கேட்பார்கள். தாய்மதம் திரும்பு என்று கூப்பிடுகிறவனிடம் நான் போகவில்லை. எந்தச் சேரியிலிருந்து தப்பித்து எங்க தாத்தா வந்தாரோ, அந்தச் சேரியை ஊருக்கு வெளியே வைத்ததே அவன்தான். ஆனால் அவனைக் காட்டிக் காட்டியே எங்க வாயை எத்தனை நாள் அடைப்பீர்கள்? ஓநாய் வருது, ஓநாய் வருது என்று சொல்லியே பட்டிக்குள்ளே பட்டினி போடுகிறவன் மேய்ப்பனா?

எங்க பள்ளிக்கூடத்தில் இப்போ பிள்ளைகள் குறைச்சல். தீப்பெட்டி ஆபீஸ் வண்டி நின்ற இடத்தில் காலையில் ரெண்டு வண்டி வருது. ஒண்ணு குமரிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற மில் வேன். இன்னொண்ணு டவுன் இங்கிலீஷ் மீடியத்து மஞ்சள் வேன். டவுன் பள்ளிக்கு ஃபீஸ் கட்ட முடிந்தவன் பிள்ளை மஞ்சள் வேனில் ஏறுது. முடியாதவன் பிள்ளை இங்கே மிஞ்சி நிற்குது. 2024 ஜூலை 15ல் இருந்து கிராமத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலைச் சிற்றுண்டி வந்தது. அதைச் சாப்பிடவாவது பிள்ளைகள் வருகிறார்கள் என்கிறார் சமைக்கிற அக்கா. தலை குறைந்தால் பணியிடம் குறையும். பணியிடம் போனால் ஒருநாள் பள்ளிக்கூடமும் போகும். எங்க தாத்தா ஆள் மட்டத்துக்குக் கீழே தோண்டின அஸ்திவாரம் மட்டும் கரிசலுக்குள்ளே கிடக்கும். அது எங்க சொத்து. அதை மூடுகிற உரிமையை யாருக்கும் நாங்க எழுதிக் கொடுக்கவில்லை. மாணவத் தோழர்களே, உங்க ஊரில் இப்படி ஒரு பள்ளி இருந்தால் போய்ப் பாருங்கள். வாசல் கல்லைப் படியுங்கள். வாத்தியார் யார் யார் என்று கேளுங்கள். கேட்டு எழுதுங்கள்.

வருகிற ஜூனில் என் மகளைச் சேர்க்கணும். மஞ்சள் வேன் வேண்டாம் என்று முடிவு பண்ணியாச்சு. அதே பள்ளிக்கூடம்தான், அதே பச்சை பீரோதான். எங்கம்மாவும் கூட வருகிறேன் என்கிறாள். மதம், சாதி என்ன எழுத என்று கேட்டால் இந்தத் தடவை நாங்க முதலில் ஒரு கேள்வி கேட்போம். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டுதான் எங்க பதிலைச் சொல்லுவோம்.